பச்சைப் புள்ளடி

"ஒரு கோடு போடக் கூடாது. ஒரு புள்ளி வைக்கக் கூடாது. விளங்கினதோ?"

காலையிலிருந்து அரியரத்தினம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுத் தலைநகரின் ரூ பஜோல் தெருவில், மரக்கறிக் கடை வாசலில், கட்சியில் புதிதாகச் சேர்ந்த தமிழ்ச் சனத்துக்கு வகுப்பு நடந்தது.

அடுத்த ஆண்டு, 2012இல், நாடாளுமன்றத் தேர்தல். அந்தத் தொகுதியில் கட்சி யாரை நிறுத்துவது என்று உறுப்பினர்களே வாக்களித்து முடிவு செய்யும் நாள் இது. மதலேன் ஒரு பக்கம், ஜெனவியேவ் மறு பக்கம். விசா, வதிவிட அட்டை என்று யார் போய் நின்றாலும் முகம் சுளிக்காமல் கேட்பவர் ஜெனவியேவ். அவரை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று அரியரத்தினம் இரண்டு வருடமாக ஓடித் திரிந்திருக்கிறார்.

"ஊரிலை வாக்குச்சீட்டிலை பேருக்கு நேரை புள்ளடி கீறிப் பழகின கை சும்மா கிடக்காது. இஞ்சை விருப்பமான ஆளின்ரை பேர் அச்சடிச்ச துண்டை எடுக்கிறது, மடிக்கிறது, உறைக்குள்ளை வைக்கிறது. அவ்வளவுதான். கீறினால் அந்த வாக்குச் செல்லாது."

கடையில் வேலைசெய்யும் பூரணி கத்தரிக்காய்ப் பெட்டியில் விலை எழுதிவிட்டு, பச்சைப் பேனாவைக் கொண்டையில் செருகினாள். வன்னியிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

"அப்ப பேனாவே தேவையில்லையோ அண்ணை?"

"உன்னை நினைச்சுத்தான் எனக்குப் பயம்" என்றார் அரியரத்தினம்.

எல்லோரும் சிரித்தார்கள். பூரணியும் சிரித்தாள்.

வாக்களிப்பு மண்டபத்தில் பெயர் சரிபார்க்கும் மேசை அரியரத்தினத்துக்கு. அந்த மேசையில் உட்கார்ந்தவர் கொஞ்சம் மிடுக்காகத்தான் இருந்தார். தமிழ்ச் சனம் வரிசையில் வந்தது. அவர் மனைவி தில்லைநாயகியும் வந்தாள், பூரணிக்கு முன்னால் நின்றாள், திரைக்குப் பின்னால் போய் வந்தாள், உறையைப் பெட்டியில் போட்டாள், சமையல் கிடக்குது என்று வீட்டுக்குப் போய்விட்டாள். மனைவியைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அவர் சொல்லும் ஆளுக்கே எப்போதும் போடுகிறவள். காலை வகுப்புக்குக்கூட அவளைக் கூப்பிடவில்லை.

பொழுதுபட எண்ணினார்கள். இரண்டு பக்க வாக்குகளும் விட்டுக்கொடுக்காமல் ஏறிக்கொண்டே வந்தன. கடைசி உறைகளில் ஒன்றைப் பிரித்தவர் துண்டைத் தூக்கிக் காட்டினார்.

ஜெனவியேவின் பெயருக்குப் பக்கத்தில், பச்சை மையில், ஒரு புள்ளடி.

பிரெஞ்சுக்காரருக்கு அது என்னவென்றே புரியவில்லை. யாரோ பெருக்கல் கணக்குச் செய்திருக்கிறார்கள் என்று சிரித்து, செல்லாது என ஒதுக்கிவிட்டார்கள். அரியரத்தினத்துக்குப் புரிந்தது.

முடிவில் இருவருக்கும் சரிசமன். அப்படி வந்தால் வயதில் மூத்தவருக்கு என்பது கட்சி விதி. மதலேன்தான் மூத்தவர்.

ஜெனவியேவ் வந்து அரியரத்தினத்தின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட அரியரத்தினம் தாங்கியிருப்பார்.

மண்டப வாசலில் பூரணியை மறித்தார்.

"உன்ரை பேனா எங்கை?"

பூரணியின் கை கொண்டைக்குப் போனது. அங்கே பேனா இல்லை. போன கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"துலைஞ்சு போச்சு அண்ணை."

"துலைஞ்சுதோ, துலைச்சனியோ? காலமை படிச்சுப் படிச்சுச் சொன்னன். ஒரு காதாலை கேட்டு மற்றக் காதாலை விட்டிட்டாய்."

பூரணி நிலத்தைப் பார்த்தாள்.

"வந்த புதுசிலை மூண்டு மாசம் என்ரை வீட்டிலை திண்டு படுத்தனி. தில்லை உன்னைச் சொந்தத் தங்கச்சி மாதிரிப் பார்த்தவள். அதுக்கு நல்ல கைம்மாறு செய்து போட்டாய்."

பூரணி தலையை மட்டும் ஆட்டினாள். அது அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"இனி உன்ரை மனுசனைக் கூப்பிடுற அலுவலுக்கு என்னட்டை வராதை. வேறை ஆரையும் பிடி."

பூரணியின் கணவன் கலைமாறன் இன்னும் வவுனியாவில். அவனைக் கூப்பிடும் விண்ணப்பம் பாதி எழுதியபடி அரியரத்தினத்தின் வீட்டில்தான் கிடக்கிறது. லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் காசு வாங்காமல் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பவர் அவர் ஒருவர்தான்.

பூரணியின் கண் நிறைந்துவிட்டது. எதையோ சொல்ல வாயெடுத்தாள், விழுங்கிக்கொண்டாள்.

"பிழைதான் அண்ணை. தில்லை அக்காட்டை மட்டும் இதைச் சொல்லாதேங்கோ."

"செய்யிறதையும் செய்துபோட்டு ஒளிப்பு வேறையோ?"

விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

வீட்டில் தில்லைநாயகி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்து, முடிவை அவளாகக் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று பேச்சை வேறு பக்கம் திருப்பினாள்.

"இஞ்சேருங்கோ, மறந்துபோனன்." கைப்பையைத் திறந்து ஒரு பச்சைப் பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள். "நாளைக்கு இதைப் பூரணியிட்டைக் குடுத்துவிடுங்கோ. வரிசையிலை நிக்கேக்கை வாங்கினனான். அவசரத்திலை கொண்டு வந்திட்டன். பாவம், விலை எழுதத் தேடுவாள்."

அவர் இடக்கையால் பேனாவை எடுத்துப் பார்த்தார்.

"உனக்கு அங்கை பேனா என்னத்துக்கு?"

"என்னப்பா கேள்வி இது? எல்லா முறையும் நீங்கள் வீட்டிலை மடிச்சுத் தாற துண்டைத்தானே கொண்டுபோய்ப் போடுறனான். இண்டைக்குத்தான் நானே தனியப் போட்டனான்."

தில்லைநாயகிக்குச் சொல்லும்போதே பெருமை தாங்கவில்லை.

"உங்கடை ஜெனவியேவின்ரை பேருக்குப் பக்கத்திலை, நல்ல வடிவாய், ஒரு புள்ளடி."