சிரித்த முகமாய் ஒரு வழியனுப்பு

யசாவாத் தீவில் வெயில் ஏறிவிட்டது. பெரிய படகு ஆழத்தில் காத்து நிற்க, விடுதி விருந்தாளிகள் பெட்டிகளோடு சின்னப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். விடுதியில் வேலை செய்யும் நாங்கள் வழக்கம்போல மணலில் வரிசையாக நிற்கிறோம். காதில் செம்பருத்தி, தொண்டையில் நேற்றைய கரகரப்பு. குகையைப் பார்த்து, தேவாலயத்தைப் பார்த்து, எங்கள் ஆட்டத்தையும் பார்த்து முடித்தவர்களைச் சிரித்த முகமாகப் பாடி அனுப்புவது எங்கள் வேலை. தினமும் இதே பிரிவுப் பாட்டுதான்.

இன்று அந்தச் சின்னப் படகில், எங்களோடு வரிசையில் நின்று பாடும் சலனியேட்டாவின் மகள் உனைசியும் இருக்கிறாள். சிட்னியில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது. திரும்பி வர நாலு வருஷம் ஆகும். அம்மா அவித்துக் கொடுத்த மரவள்ளிக்கிழங்கு மடியில் வாழையிலைக்குள் இன்னும் சுடுகிறது.

"அக்கா, இன்னிக்கு நிஜமாவே அழுதுடாதே, சுருதி போயிடும்," என்று சீண்டுகிறான் கிதார் வாசிக்கும் சாக்கியூசா.

"வாயை மூடிக்கிட்டு வாசிடா," என்கிறாள் சலனியேட்டா.

பாட்டு எழுகிறது. அவள் கை அசைகிறது, தலை சாய்கிறது, பல்வரிசை தெரிகிறது. நேற்று ஜெர்மன்காரர்களுக்குச் செய்ததேதான், ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. ஒரு விருந்தாளி கைப்பேசியில் படம் பிடிக்கிறார். படகின் இயந்திரம் இருமிக் கிளம்புகிறது.

உனைசி எழுந்து நிற்கிறாள். "அம்மா, என்னைப் பாத்துமா அப்படிச் சிரிக்கிறே? நிறுத்தும்மா!"

சலனியேட்டா பாடிக்கொண்டே கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். சிரிப்பு அங்கேயே இருக்கிறது. இரண்டு விரலால் உதட்டோரத்தைக் கீழே இழுக்கிறாள். விட்டதும் அது பழையபடி மேலே ஏறிக்கொள்கிறது.