நடந்துதான் போவேன்

நாற்காலியை மறுபடியும் திருப்பி அனுப்பினார்.

மண்டப வாசலில் நின்றார். கூப்பிய கைகள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

தம்பி மகன் கல்யாணம். வருகிற சனத்தை வாசலில் நின்று அழைக்க வேண்டியவர் குடும்பத்துக்கு மூத்தவர். அவருடைய அப்பா நின்ற இடம் அது. அப்பா ஒரு கல்யாணத்திலும் உட்கார்ந்ததில்லை.

இடது இடுப்பில் தகடு வலித்தது. ஆடி மாதம் வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்தபோது டாக்டர் வைத்தது.

அவர் சிரித்தார்.

"வாங்க, வாங்க. சாப்பிட்டுத்தான் மேடைக்குப் போகோணும்."

இடது பக்கம் துளசிமணி நின்றாள். அவர் மனைவி. நேற்றிலிருந்து அந்தப் பக்கத்தை விட்டு அவள் நகரவில்லை.

நேற்றுக் காலை பங்காளியின் புது வீட்டுப் புண்ணியார்ச்சனை. மொட்டை மாடி வரை ஏறினார். தண்ணீர்த் தொட்டி சின்னது என்று சொல்லிவிட்டு இறங்கினார். மத்தியானம் மாமன் வழியில் ஒரு சீர். சாயங்காலம் இதே மண்டபத்தில் வரவேற்பு.

நடுவில் வீட்டுக்குப் போனபோது கட்டிலில் பெட்டி திறந்தபடி கிடந்தது. சொந்தக்காரர்கள் கொண்டுவந்து வைத்த முறுக்கும் பருப்புப் பொடியும் அவருடைய ஸ்வெட்டரை அடியில் தள்ளியிருந்தன.

திங்கட்கிழமை விமானம். சிட்னி. மகள் வீடு.

துளசிமணி அறைக் கதவைச் சாத்தினாள். அவர் இடுப்பில் தைலம் தேய்த்தாள்.



டிக்கெட் எடுக்கும்போதே மகன் வீல்சேர் கேட்டு எழுதியிருந்தான். வேண்டாம், எடுத்துவிடு என்றார். எடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தான்.

முகூர்த்தம் முடிந்தது.

பந்தியில் ஒவ்வோர் இலையாகப் பார்த்தபடி நடந்தார். மகளின் மாமனார் இலையிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"சம்பந்தி, ஏர்போட்டுல வெக்கப்படாம வீல்சேர்ல உக்காந்துக்குங்க. போன வருசம் நான் அப்படித்தான் போனேன். வரிசை கிடையாது, ஒண்ணு கிடையாது. நோகாமக் கொண்டுபோயி புள்ளைங்க கையில குடுத்தர்றாங்க."

"எனக்கு எதுக்குங்க?"

"சம்பந்தியம்மா நடந்திருவாங்க. தைப்பூசத்துக்குப் பழனிக்கே நடந்தவங்க. உங்களுக்குத்தான் சொல்றேன்."

பந்தி சிரித்தது.

அவர் நிமிர்ந்தார்.

"நான் நடந்துதானுங்க போவேன். சிட்னியில எம்புள்ள வந்து நிக்கற வாசல் வரைக்கும்."

சொல்லியாகிவிட்டது. பந்தி முழுக்கக் கேட்டுவிட்டது.

பாயசத்தைக் கூப்பிட்டார். சம்பந்தி இலையில் இன்னொரு கரண்டி விடச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை.

கோவை விமான நிலையத்துக்கு வழியனுப்ப மூன்று கார் நிறைய சனம் வந்தது. சம்பந்தி எல்லோருக்கும் முன்னால் வந்து காத்திருந்தார்.

அவர் துளசிமணியோடு காரிலிருந்து இறங்கினார். நின்றார்.

இடது கால் வரவில்லை.

கண்ணாடிக் கதவு எதிரிலேயே இருந்தது.

மேல்துண்டைச் சரிசெய்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பாஸ்போர்ட் இருந்தது. மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

சீருடை அணிந்த பெண் ஒருத்தி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

மகன் தரையைப் பார்த்தான்.

சம்பந்தி ஓர் அடி முன்னால் வந்தார்.

"ஏனுங்க," என்றாள் துளசிமணி. எல்லோருக்கும் கேட்டது. "எனக்குக் காலு நோவுதுங்க. நான் உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தும் விட்டாள். சேலைக் கொசுவத்தை ஒதுக்கி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"ஐயா பேருலதானுங்கம்மா இருக்குது?"

"எங்க ஊட்டுல ரண்டு பேருக்கும் ஒண்ணுதான் கண்ணு."

"பழனிக்கு நடந்த காலாச்சே," என்றார் சம்பந்தி.

"அதே காலுதானுங்க. அதான் நோவுது."



அவர் அவளுடைய பின்னந்தலையைப் பார்த்தார். காலையில் வைத்த மல்லிகை இன்னும் வாடவில்லை.

வீல்சேரின் கைப்பிடிகளை இரண்டு கைகளாலும் பற்றினார்.

"நான் தள்றனுங்க ஐயா," என்றாள் சீருடைப் பெண்.

"நீ வழியக் காட்டும்மா. போதும்."

தள்ளினார்.

கைப்பிடிகள் பாரம் தாங்கின. இடது கால் எழுந்தது. ஓர் அடி. இன்னோர் அடி.

முதுகு வளையவில்லை.

பின்னாலிருந்து சம்பந்தியின் குரல் வந்தது.

"சொன்ன மாதிரியே நடந்து போறாரு பாருங்கப்பா. அதும் சம்பந்தியம்மாளைத் தள்ளீட்டு."

அவர் திரும்பவில்லை. ஒரு கையைக்கூட எடுத்து அசைக்கவில்லை. துளசிமணிதான் இருவருக்கும் சேர்த்துக் கையசைத்தாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. அவர்களுக்குப் பின்னால் மூடியது.

உள்ளே தரை பளபளவென்று நீண்டு கிடந்தது.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க," என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனார்கள். சீருடைப் பெண் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"எறங்கற எடத்துல," என்று மெல்ல ஆரம்பித்தார். "புள்ள நிக்குமே."

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சிட்னியிலயும் நோவுமுங்க."