நாற்பது நாள் மிதந்தவன்

கடலுக்குப் போன புருஷனைப் பற்றி இருபத்தாறு நாளாகத் தகவல் இல்லை. நாளைக்கு ஆன்ம சாந்திப் பூசை. இந்த லட்சணத்தில் அமலோற்பவம் சினிமாவுக்குப் போனாள் என்றால் தெரு சும்மா இருக்குமா? மனசு கொஞ்சம் மாறட்டும் என்று இழுத்துப் போனவளும், பூசைக்குச் சொல்லி வைத்தவளும் ஒரே நாத்தனார்தான் என்பதைத் தெரு வசதியாக மறந்துவிட்டது.

படத்தில், விண்வெளியில் தொலைந்தவன் நாற்பது நாள் தனியாக மிதந்து உயிரோடு திரும்புகிறான். தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டியவர்களிடம் வலைக்கடை ஞானதுரை தீர்ப்பு சொன்னார்: "சோறு தண்ணி இல்லாம நாப்பது நாளா? நல்லா காதுல பூ சுத்துறான்."

எல்லாரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து அமலோற்பவம், மீன் விலை கேட்கிற குரலில் கேட்டாள்.

"எத்தனை நாளுன்னா நம்புவீங்க, அண்ணே?"

கேட்டது யாரென்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "இருபது."

"முப்பதுன்னா?"

"சரிம்மா, முப்பதுன்னே வச்சுக்க. அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தாங்காது."

அவள் தலையாட்டினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"மதினி, பூசைய நாலு நாள் தள்ளி வைக்கச் சொல்லுங்க."