குடிகாரனும் ஓட்டைக் கட்டையும்

மிக்கேலின் படகுக்கும் அதன் பின்னால் தொங்கிய மோட்டாருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. படகு மோட்டாரைக் "குடிகாரா" என்னும். மோட்டார் படகை "ஓட்டைக் கட்டையே" என்னும்.

இரண்டும் கிழமாகிவிட்டன. படகை விறகுக்கு உடைத்துவிட்டு மோட்டாரை மட்டும் விற்றுவிடலாம் என்று மிக்கேல் முடிவுசெய்தார்.

"தொலைஞ்சது சனியன்!" என்றது படகு. சொன்ன பிறகு அதன் பலகையெல்லாம் ஏனோ கனத்தது.

வாங்க வந்தவர் முன்னால், மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் இறக்கிக் கயிற்றை இழுத்தார் மிக்கேல். தோள் கழன்றுபோகும் அளவுக்கு இழுத்தும் ஒரு முனகல்கூட இல்லை. வந்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளம்பினார்.

"உன்னைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்!" என்று கத்திய மிக்கேல், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பழைய இரும்புக்கடைக்குக் கொண்டுபோக அதைப் படகிலேயே மாட்டினார். துடுப்பை எடுக்குமுன், பழக்கதோஷத்தில் கயிற்றை லேசாக ஒரு இழுப்பு இழுத்தார்.

கரையில் நின்ற கொக்கெல்லாம் பறக்க, மோட்டார் உறுமியது! படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. மிக்கேல் வாய்விட்டுச் சிரித்தார்; கடலைப் பார்த்துத் திருப்பினார். இரும்புக்கடை பின்னால் புள்ளியாகிப் போனது.

"டிரம்முக்குள்ள ஏம்ல ஊமையா இருந்த?" என்று கேட்டது படகு.

"அங்க யார்கூடச் சண்டை போடுறது?" என்றது மோட்டார்.

படகுக்கு அந்தப் பதில் பிடித்துத்தான் இருந்தது. அதற்காக விட்டுவிடுமா?

"மெல்லப் போயேம்ல, குடிகாரப் பயலே!"

"நீ மொதல்ல தண்ணி உள்ள வராமப் பாரு, ஓட்டைக் கட்டையே!"