ஏரி நீலமும் ஆப்ரிகாட் மஞ்சளும்

"இது மேப்பா, பீட்ரூட் சூப்பா? எல்லாம் ஒரே குழப்பமா இருக்கு! இதுல ஆபத்து எங்கேம்மா இருக்கு?"

தாலந்த் பைகே காகிதத்தை மேசைமேல் வீசினார். பிஷ்கெக் வெள்ளத் தடுப்பு அலுவலகத்தின் தலைவர் அவர். பைகே என்றால் அண்ணன். மரியாதைக்காக எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சைகால் வரைந்த படத்தை அவர் திருப்பி அனுப்புவது இது மூன்றாவது முறை.

"சிவப்புன்னா ஆபத்து, பச்சைன்னா பத்திரம். சின்னக் குழந்தைக்கும் தெரியுமே, பைகே!"

"அப்போ குழந்தைகிட்டயே கையெழுத்து வாங்கிக்கோ!"

சைகாலுக்கு அழுகை முட்டியது. மலைமேல் பனியேரி உடைந்தால் முதலில் அடித்துப்போவது கோக்-தாஷ் கிராமம். அறுபது வீடுகள், அதில் ஒன்று அவள் அக்காவுடையது. திங்கட்கிழமை கூடும் கமிஷனில் பைகே படத்தைக் காட்டி வாதாடினால்தான் அங்கே அபாயச் சங்கு வரும்.

"உன்னைக் கண்டாலே அவருக்கு ஆகல. பேசாம விட்டுடு" என்றான் பக்கத்து மேசை உலான்.

அவள் விடவில்லை. ஞாயிறு மதியம் பைகே வீட்டு விருந்துக்குப் போனாள். வாசலில் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தத் தனிக்கட்டை தன் கையால் சமைத்த பெஷ்பர்மக்கை அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தாள். அங்கிருந்து நேரே அலுவலகம் வந்தாள்.

"நல்லா காக்கா பிடிச்சியா?" என்று போனில் சீண்டினான் உலான்.

அவள் போனை வைத்துவிட்டுப் படத்தை எடுத்தாள். அதே எண்கள், அதே கோடுகள். நிறங்களை மட்டும் மாற்றினாள். ஆபத்துக்கு ஆப்ரிகாட் மஞ்சள், பத்திரமான இடத்துக்கு இசிக்-குல் ஏரியின் நீலம்.

திங்கள் காலை பைகே அதை வெகுநேரம் பார்த்தார். அவர் விரல் நேராகப் போய் கோக்-தாஷின்மேல் நின்றது.

"ஐயய்யோ, அறுபது வீடும் தண்ணி வர்ற வழியிலேயே இருக்கே!"

கமிஷனில் அவர் போட்ட சத்தம் தெருவரை கேட்டது. ஒரு சங்கு கேட்கப் போனவர் மூன்று வாங்கிக்கொண்டு வந்தார்.

"இதைத்தானே பொண்ணே நான் முதல்லேர்ந்து கேட்டேன்!"

உலான் வாயைப் பிளந்தான். "வெறும் கலரை மாத்தினதுக்கா இவ்வளவு? என்னடி மாயம் பண்ணே?"

"ஏரியும் ஆப்ரிகாட்டும் யாருக்குத்தான் பிடிக்காது?" என்று சிரித்தபடி அக்காவுக்குப் போன் போட்டாள் சைகால். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

விருந்தில் கண்டதை மட்டும் அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. பைகேயின் ஒரு காலில் சிவப்பு சாக்ஸ், மறுகாலில் பச்சை. பாவம், மனிதருக்கு இரண்டும் ஒரே நிறம்.