ஒற்றைப் படகுக்குக் கதவில்லை

"ஒத்தைப் படகுக்கெல்லாம் கதவைத் திறக்க மாட்டேன் சார். இன்னொண்ணு வரட்டும்."

சொல்லிவிட்டு மதகுக்காரர் வேர்க்கடலை உரிக்கலானார்.

படகில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குக் கோபம் மூக்கின் நுனியில் வந்து நின்றது. சற்று முன்புதான் அந்த மனிதர், "முன்னால நின்னு கயிறு பிடிப்பாங்களே, வீட்டம்மா வரலியா?" என்று கேட்டார். "போயிட்டா, மூணு மாசமாச்சு" என்று இவர் சொன்னார். அதற்கு ஓர் 'ஐயோ பாவம்' கூட இல்லை, விதியைத்தான் ஒப்பித்தார்.

"எதுக்குங்க இன்னொரு படகு?"

"ஒவ்வொரு தடவையும் ஒரு தொட்டித் தண்ணி கீழே போகுது. ரெண்டா வந்தா ஒரே தண்ணியில ஏத்தி விட்டுடலாம்."

பழங்காலத்துக் கல்தொட்டி அது. கீழ்க்கதவை அடைத்து, மேற்கால்வாயின் நீரை உள்ளே விட்டால், படகு தானே மேலேறும்.

"பொழுது சாயறதுக்குள்ள மேல் துறைக்குப் போகணும். படகை வாங்கிக்க ஆள் காத்திருக்கார்."

"விக்கப் போறீங்களா?"

"அவளே இல்ல. படகு ஒரு கேடா?"

மதகுக்காரரின் கை ஒரு கணம் நின்றது.

"ரூல்னா ரூல்தான் சார்" என்றவர், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கல்நெஞ்சன்! கண்ணாடிக்காரர் படகின் முன்முனையான அணியத்தைப் பார்க்காமல் அமர்ந்திருந்தார். அங்கே சுருட்டி வைத்த கயிறு, எடுப்பாரின்றிக் கிடந்தது. வீட்டிலும் இப்படித்தான்: இரண்டு நாற்காலி, ஒரு மௌனம்.

வெயில் தணிந்த பிறகு, ஆளுக்கு முன்னே குரல் வர, ஒரு படகு வந்தது.

"அண்ணே! அந்தக் கயிறை இப்படி வீசுங்க. ரெண்டையும் சேர்த்துக் கட்டுவோம். புது மாப்பிள்ளை பொண்ணு மாதிரி ஒட்டிக்கிட்டுப் போகட்டும்!"

முடிதிருத்தும் கடை வைத்திருந்து ஓய்ந்தவராம்.

"காலமெல்லாம் ஊரான் தலையில கை வெச்சே பிழைச்சவன் அண்ணே நான். நீங்க?"

"ஊரார் கண்ணைத் திறந்து விட்டவன்."

"அப்படியா! என் கண்ணாடியைப் பாருங்க. எதிர்ல வர்றவன் கடன்காரனா மச்சானான்னே தெரியல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

சொன்ன பின்புதான் தாம் சிரிப்பதைக் கண்ணாடிக்காரர் உணர்ந்தார். அதற்குள் இரு படகும் தொட்டிக்குள் நுழைந்திருந்தன; ஈரக் கற்சுவர் அச்சிரிப்பை வாங்கித் திருப்பித் தந்தது. யாரோ சிரிப்பதுபோல் இருந்தது.

நீர் ஏறிற்று. பேச்சும் ஏறிற்று. மேற்கதவு திறந்தபோது வானம் சிவந்துவிட்டது. கைபேசி ஒலித்தது. வாங்க வந்தவர் காத்திருந்து கிளம்பிவிட்டாராம். இனி அடுத்த மாதந்தானாம்.

"பார்த்தீங்களா? இந்த ஆளால என் காரியமே கெட்டது! மேலிடத்துல புகார் கொடுக்காம விடமாட்டேன்."

"என்ன பண்ணினான்?"

"ரெண்டு படகு சேர்ந்தாத்தான் திறப்பேன்னு நிறுத்தி வெச்சுட்டான்."

முடிதிருத்துபவர் கயிற்றை அவிழ்த்தபடியே சொன்னார்:

"அது வறட்சியில போட்ட ரூல் அண்ணே. மழை பெய்ஞ்ச அன்னிக்கே எடுத்தாச்சு."

"அப்போ என்னை மட்டும் ஏன்..."

"என் சம்சாரம் போனப்போ என்னையும் இப்படித்தான் நிறுத்தினான், பாவி. இன்னிக்கும் போன் பண்ணி, 'ஒருத்தர் தனியா வந்திருக்கார், படகையும் வித்துட்டு வீட்டுக்குள்ள முடங்கப் பார்க்கிறார், உடனே கிளம்பி வா'ன்னான். வந்துட்டேன். மத்தபடி இந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லண்ணே."