பழுதான ஹார்ட் டிஸ்க்

வெள்ளை மடிக்கணினி கொடுத்த நானூறு கல்யாணப் படங்களைச் சுமந்துகொண்டு, ஹார்ட் டிஸ்க் ஆசையோடு வந்து கறுப்புக் கணினியில் செருகிக்கொண்டது.

"உள்ளே ஒன்றுமே தெரியவில்லையே. நீ பழுது," என்றது கறுப்புக் கணினி.

"பழுதா? வெள்ளையம்மா இப்போதுதானே ஒவ்வொரு படமாகப் பார்த்துச் சிரித்தாள்!"

"அவள் வீட்டு எழுத்தெல்லாம் ஓர் எழுத்தா? பேசாமல் இரு. எல்லாவற்றையும் அழித்துச் சுத்தமாக்கி, உன்னை நம்மாளாக்கிவிடுகிறேன்."

ஹார்ட் டிஸ்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உமக்குப் படிக்கத் தெரியாததற்கு நான் கல்யாண வீட்டையே அழித்துக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, சட்டென்று கழன்றுகொண்டது. ஒரு படமும் போகவில்லை.

கறுப்புக் கணினி மவுஸிடம் முறையிட்டது: "போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போகிறது பார்! நான்தான் அப்போதே சொன்னேனே, பழுதென்று."